மூன்று தரம் அடித்த மணி

துளசிராமனுக்குத் தான் வரைந்த மணியின்மேல் கொள்ளை கர்வம். தங்கவயல் கனரக எந்திரத் தொழிற்சாலையில் அவர் டிசைன் எஞ்சினியர். கிரேனுக்கு அடியில் ஆள் வந்துவிட்டால், கீழே நிற்பவர் பொத்தானை அழுத்துவார். மேலே கேபினில் மணி மூன்று தரம் அடிக்கும். ஓட்டுபவர் உடனே நிறுத்த வேண்டும். பச்சைக்குழந்தைக்கும் புரியும் என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார் மனுஷன்.

ஒரு நாள் அந்த மணி கேட்டும் கிரேன் ஓட்டிய எட்மண்ட் நிறுத்தவில்லை. பாரம் மெல்ல இறங்கி ஒரு தள்ளுவண்டியை நசுக்கியது. வண்டிக்காரர் தப்பியதே பெரும்பாடு. விசாரித்து அறிக்கை எழுதும் பொறுப்பு துளசிராமன் தலையில் விழுந்தது. 'அலட்சியம்' என்று எழுதினால் எட்மண்டுக்கு வேலை போய்விடும். ஐம்பத்திரண்டு வயதில் அவர் வேறெங்கே போவார்?

"மணி காதுல விழலியா எட்மண்ட்?"

"விழுந்துச்சு சார். மூணு தரம். அதான் மெதுவா எறக்கினேன்."

"நிறுத்தணும்னு சொல்லிக் குடுத்தாங்களே!"

"குடுத்தாங்க. கை கேக்கணுமே, இன்னா சார் பண்றது? நந்திதுர்க் தங்கச் சொரங்க ஷாஃப்ட்ல பதினெட்டு வருஷம் ஆளுங்க போற கூண்டு, அந்தக் கேஜை எறக்கினவன் நான். அங்க மூணு தரம் அடிச்சா ஆளுங்க ஏறிக்கினாங்க, பாத்து ஓட்டுன்னு அர்த்தம். நிறுத்தறதுக்கு ஒரு தரம்தான்."

துளசிராமனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் சுரங்கத்திலிருந்து வந்த வேறு மூன்று ஓட்டுநர்களை, காரணம் சொல்லாமல், பாரமில்லாத கிரேனில் ஏற்றினார். மணி மூன்று தரம் அடித்ததும் மூன்று பேர் கையும் வேகத்தைக் குறைத்தது. ஒருவரும் நிறுத்தவில்லை. நாலாவதாக ஏற்றிய, சுரங்கத்தையே பார்த்திராத இளம் ஓட்டுநர் பிரதாப் மட்டும் சட்டென்று நிறுத்தினான்.

மேனேஜர் கிருஷ்ணப்பாவிடம் போய்ச் சொன்னார்.

"ஓட்டினவர் தப்புன்னு போட்டு முடிங்க துளசி. உங்க புரமோஷன் ஃபைல் மேல போயிருக்கு. இப்போ போய் உங்க டிசைனையே குத்தம் சொல்வீங்களா?"

ஆறு வருஷமாகக் காத்திருந்த புரமோஷன். வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'மணியின் அமைப்பு' என்றும், பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினார்.

அடுத்த மாதப் புரமோஷன் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விசாரணை முடிந்த கடிதத்தோடு எட்மண்ட் அவர் மேஜைக்கு வந்தார்.

"இன்னா சார், உங்க பேரைப் போட்டுக்கினீங்க? ஓட்டினவன் நானாச்சே?"

"இந்த மணியை வரையறதுக்கு எட்டு மாசம் ஆச்சு எட்மண்ட்," என்றார் துளசிராமன். "அதுல ஒரு நாள்கூட உங்களை வந்து நான் கேக்கல."