அணைந்திருக்க வேண்டிய திரி

1

ஒரு பத்திரிகையின் மகளிர் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்கள். நான் காஞ்சிபுரத்துக்காரன் என்றதும் ஆசிரியர் முன்னெச்சரிக்கையாகக் கும்பிடு போட்டார். தறி வேண்டாம், பட்டு வேண்டாம், கோபுரம் வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் ஒரு பெண், கொஞ்சம் வாசனை, கடைசியில் கொஞ்சம் நம்பிக்கை, அவ்வளவு போதும் என்றார். சோயா மெழுகுவர்த்தி என்றேன். அதற்கும் பட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அப்போது மனதார நம்பினேன். கதை பிறந்த லட்சணம் இதுதான்.

2

முதல் தொடக்கம்: "நறுமணம் கமழும் அந்த மாலையில் துர்காதேவி தன் கனவுகளை உருக்கி..." (அடித்துவிட்டேன். கனவை உருக்குகிற யாரையும் எனக்குப் பழக்கமில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "சோயா மெழுகு சீவல் சீவலாக வரும். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கும் நீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து..." (இது கதையில்லை, பாக்கெட்டின் பின்பக்கம்.)

மூன்றாவது: துர்காதேவிக்கு முப்பத்துநாலு வயது. கணவன் உதயகுமார் வீட்டிலேயே தறி போட்டுப் புடவை விற்கிறான். வாசலில் 'நூறு சதவீதம் சுத்தப் பட்டு' என்று பலகை. (ஆசிரியர் மன்னிக்கவும். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குக் கணவனைக் கொடுத்தால் கூடவே தறியும் வந்து தொலைக்கிறது.) துர்கா போனைப் பார்த்து மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொண்டவள். ஒரு இட்லிப் பானையைப் பலி கொடுத்து, இரண்டு வருடத்தில் கை தேறியிருந்தாள். அடுத்த மாதம் நாத்தனார் கீர்த்தியின் கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் மெழுகுவர்த்தி, இருநூறு.

3

கீர்த்தி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எதற்கும் ஒரு தீம் இருந்தாக வேண்டும் அவளுக்கு. தன் முகூர்த்தப் புடவை தறியில் இருக்கிறது; அதில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலையே திரியாகப் போட வேண்டும் என்றாள். 'முகூர்த்தப் பட்டின் ஓர் இழை' என்று லேபிளும் அடித்தாயிற்று.

பட்டு எரியாதும்மா, கருகி அணைந்துவிடும், முடி பொசுங்கிய நாற்றம் வரும் என்று துர்கா சொல்லிப் பார்த்தாள். இந்த ஊரில் அசல் பட்டுக்கு அதுதானே சோதனை. ஆனால் கல்யாணப் பெண்ணிடம் வாதாடி யார் ஜெயித்தார்கள்? ஒன்று செய்து, அது அணைவதைப் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. அந்தப் பாவில் மிஞ்சிய இழைகளை முறுக்கி, மெழுகில் தோய்த்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, இறுகவிட்டு, ஒரு வாரம் கழித்துக் காலை பதினொரு மணிக்கு ஏற்றினாள்.

அணையவில்லை. சுடர் நேராக நின்றது. மல்லிகை வாசனை சமையலறை முழுக்க வந்தது. முடி நாற்றம் கொஞ்சமும் இல்லை. இரண்டு வருடத்தில் அவள் செய்ததிலேயே உருப்படியான மெழுகுவர்த்தி அதுதான். 

[அடிக்குறிப்பு, வெளியூர்க்காரர்களுக்கு: அப்படி எரிந்தால் அது பட்டே இல்லை, பஞ்சு மாதிரியே எரியும் மரக்கூழ்ச் செயற்கை நூல். விற்கும்போது உதயகுமார் வாடிக்கையாளர் முன்னால் ஓர் இழையை எரித்துக் காட்ட வேண்டாமா என்பீர்கள். காட்டுவான். ஆனால் அந்த இழை புடவையிலிருந்து வராது, மேஜை இழுப்பறையில் இருக்கும் அசல் பட்டு நூல்கண்டிலிருந்து வரும். புடவை ஓரம் பாழாகக் கூடாது என்ற நல்லெண்ணம் என்றே துர்கா நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். என் மனைவியிடம் அப்படிப்பட்ட புடவைகள் மூன்று இருக்கின்றன.]

4

உதயகுமாரை முதலில் வில்லனாக எழுதினேன், மீசையோடு. பிறகு நூல்காரன் இவனை ஏமாற்றிவிட்டதாக மாற்றினேன். இரண்டும் ஒட்டவில்லை, ஏனென்றால் காபிக்கு உள்ளே வந்தவன் சுடரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் விரலால் நசுக்கி அணைத்தான். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பஞ்சுத் திரி கடையில விக்குது. வாங்கிப் போட்டுக்கோ."

"திரிய மாத்திடறேன். கீர்த்தி புடவைய என்னா பண்ணுவீங்க?"

அவன் சொன்ன நியாயம் இது. ஒரு பாவில் மூன்று புடவை நெய்யலாம். முதல் இரண்டும் விற்றுப் போய்விட்டன. மூன்றாவதான கீர்த்தி புடவைக்கு மட்டும் அசல் பாவு போட்டால், முதல் இரண்டும் என்னவென்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. அதுவுமில்லாமல் ஜரிகை நல்ல ஜரிகை. ஜரிகையைப் பற்றி இரண்டு தடவை சொன்னான்.

துர்காவுக்குக் கோபம் வந்தது. அதைவிட அசிங்கமாக இருந்தது. அந்தப் புடவைகளை மடித்து, சுத்தப் பட்டு என்று தன் வாயாலேயே சொல்லி விற்றவள் அவள்.

5

முடிவுகள் கைவசம் உள்ளன.

மண்டபத்தில் மேளம் நிற்க, துர்கா எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள். (சீரியல்காரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்.)

பஞ்சுத் திரி போட்டு எல்லாரும் சௌக்கியம். ஆசிரியருக்குப் பிடிக்கும். கீர்த்தி அந்தப் புடவையில் மணையில் உட்கார்ந்து, பிறகு ஆயுசுக்கும் அதை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வாள்.

பாவு நூலே இருக்கட்டும் என்று விட்டால்? மாப்பிள்ளை வீட்டாரும் நெசவுக்காரர்கள். இருநூறு வீட்டில் இருநூறு திரி எரியும். உதயகுமாருக்கு அது வேண்டியதுதான். ஆனால் விஷயம் கீர்த்தியின் காதில் முதலில் விழுவது மாமியார் வீட்டில்.

உதயகுமார் மனம் திருந்தி, தறியிலிருந்த பாவை அறுத்தெறிந்துவிட்டு... (மூன்று முறை தொடங்கினேன். அவனைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்லபிப்பிராயம் இல்லை.)

6

ஆகவே இப்போதைய நிலவரம்: மெழுகு உருகி, வாசனை எண்ணெயும் கலந்தாயிற்று. கூடத்தில் இருநூறு வெறும் டம்ளர். துர்காவின் ஒரு பக்கம் பாவு நூல், இன்னொரு பக்கம் பஞ்சுத் திரி பாக்கெட். தையற்காரரிடமிருந்து ரவிக்கைப் பையோடு வந்த கீர்த்தி பக்கத்தில் குந்தினாள். பஞ்சுத் திரியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நீங்க சொன்ன மாதிரி அணைஞ்சுதான் போச்சா அண்ணி?"

தறியில் உட்காராதவள்தான். ஆனாலும் எது எரியும், எது எரியாது என்பது அவளுக்கும் தெரியும். துர்கா சும்மா தலையாட்டினால் போதும். புடவை பட்டாகிவிடும், அண்ணன் யோக்கியனாகிவிடுவான், அவனுக்குக் கூட்டாளியாகத் துர்காவும் சேர்ந்துவிடுவாள். இல்லை, எரிந்தது என்று ஒரு சொல் சொன்னால் கல்யாண வீடு என்னாகும் என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவு நேரம் எல்லாரையும் நக்கலடித்த எனக்கு இந்த இடத்தில் வாய் வரவில்லை. கீர்த்தி அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் துர்காவிடம் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், பாத்திரத்தின் ஓரத்தில் மெழுகு இறுகி வெளுக்கத் தொடங்கிவிட்டது.