புகையாத புகைபோக்கி

வடக்கு ஸ்வீடனில் எச்சில் துப்பினால் உறைந்துபோகும் குளிர். பக்கத்து வீட்டு சிக்வார்டின் புகைபோக்கியிலோ நேற்றிலிருந்து புகையே இல்லை. ஆனால் அந்த மனுஷன் அரைக்கைச் சட்டையோடு ஜன்னலருகே நின்று காபி குடிக்கிறான்! குன்வோருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய விறகு அடுக்கு மடமடவென்று குறைகிறது. திருடன் யாரென்று இன்னும் யோசிக்க வேண்டுமா? ஊர் தூங்கும்போது எரிக்கிறான், படுபாவி.

விறுவிறுவென்று போய் அவன் கதவைத் தள்ளினாள். "என் விறகைத் திருடி ராத்திரியில எரிக்கிறியா?"

"முதல்ல பூட்ஸைக் கழட்டு. அப்புறம் திட்டு."

கழற்றினாள். நிலவறைக்குக் கூட்டிப்போனான். அங்கே கூரையைத் தொடும் இரும்புத் தொட்டி ஒன்று நின்றது.

"உள்ள முழுக்கத் தண்ணி. முந்தாநாள் ஒரே மூச்சா எரிச்சு இதைச் சூடாக்கினேன். அந்தச் சூடுதான் குழாய் வழியா வீட்டைச் சுத்துது. தொட்டுப் பாரு."

குழாயைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். சந்தேகம் மட்டும் விடவில்லை. "அப்போ என் விறகெல்லாம் எங்க போகுது?"

சிக்வார்ட் அவளை மேலே கூட்டிவந்து ஜன்னலைக் காட்டினான். ஆளில்லாத அவள் வீட்டின் புகைபோக்கி குபுகுபுவென்று புகைந்துகொண்டிருந்தது.

"அதோ, போய்க்கிட்டிருக்கு."