அல்சேஷனும் வேலிப்பொட்டும்

பொன்னம்பலத்துக்கு அல்சேஷன்தான் வேண்டும். அவர் பெண்சாதி சிவக்கொழுந்துக்குப் பொமரேனியன். உரும்பிராயில் அந்த வருடம் செத்தல் மிளகாய்க்கு வந்த மவுசில் கள்ளருக்கும் நல்ல காலம் பிறந்திருந்தது. இரண்டு வீடு தள்ளி, அறைக்குள் அடுக்கியிருந்த மூட்டைகளே போய்விட்டன. பொன்னம்பலமோ கொழும்பில் கிளாக்கர், மாதம் ஒருமுறை வந்து போகிறவர். பிள்ளையில்லாத வீட்டில் அவள் தனிய. ஆகவே நாய் வேண்டும் என்பதில் இருவருக்கும் மறுபேச்சில்லை. எந்த நாய் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

“உம்மடை பொமரேனியன் கள்ளனைக் கண்டால் மடியிலை ஏறி இருக்கும்” என்றார் அவர்.

“குரைச்சால் காணுமப்பா. சனம் ஓடி வரும்.”

“எந்தச் சனம்?” என்று கேட்டுவிட்டுக் கிழக்கு வேலியைப் பார்த்தார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏரம்பு வீடு. சில வருடங்களுக்கு முன் வேலி அடைக்கும்போது ஏரம்பு கதியால் தடிகளை அரை முழம் இந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று பொன்னம்பலமும், இல்லவேயில்லை என்று ஏரம்புவும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அன்றோடு ஆண்களுக்குள் பேச்சு முறிந்தது. பெண்கள் முறிக்கவில்லை. குசினிக்குப் பின்னால், வேலியின் ஓலைக் கிடுகை விலக்கி ஆள் குனிந்து போகுமளவுக்கு இருந்த பொட்டை அப்படியே விட்டுவைத்தார்கள். ஏரம்புவின் பெண்சாதி பாலேஸ்வரி காய்ச்சல் என்றால் கஞ்சியோடு அதற்குள்ளால் வருவாள். பின்னேரங்களில் சும்மாவும் வருவாள். அந்தச் சும்மா வருவதுதான் பெரிது. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் மனுசன் இருக்கிற வீட்டில் குடும்பம் நடத்தியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பொட்டு இருப்பது பொன்னம்பலத்துக்குத் தெரியும். அடைக்கச் சொல்ல வாய் வரவில்லை. அல்சேஷன் வந்தால் அது தானாக அடைபடும் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார். அது சிவக்கொழுந்துக்கும் விளங்கியது. விளங்கியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாலேஸ்வரி அக்கா வராவிட்டால் அந்த வீட்டில் யாரோடு வாய் திறப்பது?

குருநகரில் கனிசியஸ் என்பவர் கடலுக்குப் போகிற நேரம் போக நாய்க்குட்டி வளர்த்து விற்றார். இருவரும் போனபோது வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று வாசலிலேயே வந்து கத்தத் தொடங்கியது. நிறுத்தவேயில்லை. கனிசியஸின் பெண்சாதி யசிந்தா அதைத் தூக்கி வாயைப் பொத்தினாள்.

“இது இப்பிடித்தான் அக்கா. என்ரை தாயும் நெடுக வாறவ. அவவைக் கண்டாலும் ஊரைக் கூட்டும்.”

சிவக்கொழுந்து ஒரு அடி பின்வாங்கினாள். பாலேஸ்வரி பொட்டுக்குள்ளால் தலையை நீட்டும் ஒவ்வொரு முறையும் ஒழுங்கை முழுக்கக் கேட்குமே!

“அப்ப அது?” என்று மூலையைக் காட்டினாள். பெரிய காதும் பெரிய காலுமாக ஒரு அல்சேஷன் குட்டி பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அது தேவையில்லாமல் வாய் திறக்காது” என்றார் கனிசியஸ். “ஆற்றை கையாலை சாப்பாடு போகுதோ, அவையளைத்தான் வீட்டாக்கள் எண்டு நினைக்கும். மற்ற ஆளை வளவுக்குள்ளை விடாது.”

சிவக்கொழுந்துக்குப் பாலேஸ்வரியின் கை நினைவுக்கு வந்தது; ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

“அப்ப உதையே எடுப்பம்” என்றாள்.

பொன்னம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெண்சாதி தன் சொல்லுக்கு மடங்கிவிட்டாள் என்று கோண்டாவில் வரை சீட்டியடித்துக்கொண்டு வந்தார். குட்டிக்குச் சீசர் என்று பெயரும் வைத்தார்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். அது மீன் இறைச்சி வாசலே தாண்டாத சைவ வீடு. “நாங்கள் சோறும் பருப்பும் திண்டு வளரேல்லையோ? அதுவும் தின்னட்டும்” என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்கு ரயிலேறினார். சீசர் பருப்புச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. பார்த்துப் பொறுக்காமல் பாலேஸ்வரி பொட்டுக்குள்ளால் அதைத் தன் முற்றத்துக்குக் கூட்டிப்போய் மீன்தலை போட்டாள்.

“அவன்ரை நாய்க்கு என்ரை வீட்டு மீனோ?” என்று ஏரம்பு முதல் நாள் துள்ளினார். ஒரு கிழமைக்குள் முள்ளெடுத்துப் போடுகிறவரும் அவர்தான்.

மழை தொடங்கியது. கந்தோரில் லீவு கிடைக்காமல் பொன்னம்பலம் நாலைந்து மாதம் வரவில்லை. அதற்குள் சீசர் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். சிவக்கொழுந்தும் பாலேஸ்வரியும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் திரும்பி ஒழுங்கை முடக்குக்கு வந்தபோது, பூட்டியிருந்த படலைக்கு முன்னால் மனுசன் பெட்டியும் குடையுமாக நின்றார். உள்ளே சீசர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

“சீசர்! நானெடா!” என்று கத்தினார். அது படலை அதிரப் பாய்ந்தது.

“ஐயோ, ஓடு கொழுந்து” என்றாள் பாலேஸ்வரி.

சிவக்கொழுந்து படலைப் பூட்டின் திறப்பை இடுப்பில் தொட்டுப் பார்த்தாள். பக்கத்துப் படலை திறந்து ஏரம்பு வெளியே வருவதைக் கண்டாள்.

“பொறுங்கோ அக்கா” என்று பாலேஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

ஏரம்பு பொன்னம்பலத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பொன்னம்பலத்தின் வளவுக்குள்ளேயே, குசினிப் பக்கமாக, தோன்றினார். “டேய், பேசாமலிரு” என்றார். அந்தப் பெரிய நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் படுத்தது.

பொன்னம்பலம் வாயைப் பிளந்தார். “நீர் எப்பிடி உள்ளுக்கு வந்தனீர்?”

“இவன் எங்கடை வீட்டுக்குச் சாப்பிட வாற பக்கத்தாலை” என்றார் ஏரம்பு. “படலை பூட்டியிருக்கு. என்ரை வீட்டாலை சுத்திக்கொண்டு வாரும். நான் இவனைப் பிடிச்சிருக்கிறன்.”

பொன்னம்பலம் படலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரம்பு வீட்டுக்குள் நுழைந்தார்.

பெண்கள் உள்ளே போனபோது அவர் கதிரையில் இருந்தார். பொட்டுக்குள்ளால் குனிந்து வந்ததில் சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஏரம்பு வாசற்படியில் இருந்தார், நாய் இருவருக்கும் நடுவில்.

“வேலியடைப்பு எப்ப?” என்று கேட்டார் பொன்னம்பலம்.

சிவக்கொழுந்து பொட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “வாற மாசம். ஏனப்பா?”

“உந்தப் பொட்டு…” என்று தொடங்கியவர், கிழிந்த தோளைத் தடவினார். “காணாது கொழுந்து. இன்னும் கொஞ்சம் அகட்டவேணும்.”

ஏரம்பு நாயின் காதைச் சொறிந்தார்.

“என்ரை பக்கம் அரை முழம் எடும்” என்றார்.