இருபது கிலோவுக்கு முடித்த பேரம்

1

இந்தக் கதை நான் செய்த ஒரு பேரத்திலிருந்து பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. எங்களுடையது இரும்புச் சாமான் கடை. ஆணி, சங்கிலி, கம்பி எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் விற்று வளர்ந்த குடும்பம். வாங்குபவர் பத்து என்பார், விற்பவர் முப்பது என்பார். மூன்றாவது ஆள் ஒருவன் நடுவில் புகுந்து, "சரி விடுங்க, இருபது" என்பான். அதற்குமேல் யாரும் வாய் திறக்காவிட்டால் பேரம் படிந்தது என்று அர்த்தம். அந்த மூன்றாவது ஆள் எப்போதும் நான்தான்.

இந்த முறை பேசிய சரக்கு, என் அண்ணன் மகள் தலைக்குமேல் தூக்க வேண்டிய எடை. அவளுக்கு வயது ஒன்பது. வீட்டில் கூப்பிடுவது குண்டூசி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பளுதூக்கும் கூடத்தில் இரும்பின் வாசனை ஒரு கனவைப் போல..."

நிறுத்திவிட்டேன். இரும்பின் வாசனை எனக்குத் தெரியும். கனவெல்லாம் இல்லை, துரு.

அடுத்தது: "சிறு குழந்தைகளைத் தீவிரமான வலுப் பயிற்சியில் ஈடுபடுத்தலாமா என்ற கேள்வி..."

இது கட்டுரை. கட்டுரைக் குழந்தைகளில் ஒருவருக்குக்கூட மூக்கு ஒழுகாது. இதையும் விட்டேன்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூடம் ஒரு பழைய கிடங்கு, தரையெல்லாம் கறுப்பு ரப்பர் பாய். கோச் ஒரு பெண்மணி. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பிள்ளைக்கு முதலில் தூக்கக் கற்றுத்தர மாட்டார், போடக் கற்றுத்தருவார். மரக்கம்பைத் தலைக்குமேல் பிடி, தடுமாறினால் முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் தாவு. குண்டூசி இதை மாதக்கணக்கில் செய்தாள். பிறகுதான் சின்ன எடை. பத்துத் தடவை ஒரே மாதிரி தூக்கினால் அடுத்த எடை.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், அடுத்த மாசம் போட்டி. முப்பது தூக்குவா."

"பத்து, சார்."

"பத்தா? அவ ஸ்கூல் பையே பத்து இருக்கும்!"

"அப்ப முதல்ல பையைக் குறைங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம். "ரெண்டு பேரும் கொஞ்சம் இறங்கி வாங்க. இருபதுன்னு முடிச்சிருவோம்."

கோச் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடியில் ஒரு பிள்ளை கூப்பிடவே போய்விட்டார்.

"படிஞ்சிருச்சுடா" என்றார் அண்ணன். கம்பியோடு சேர்த்துக் கணக்காக இருபது கிலோ மாட்டினார்.

[அந்தப் பார்வைக்கு அர்த்தம், "இப்படியும் ஒரு மடையனா?" என்பது. எங்கள் கடைவீதியில் அந்த அர்த்தம் புழக்கத்தில் இல்லை.]

[அண்ணி எங்கே என்று கேட்பீர்கள். வேலைக்குப் போயிருந்தார். இந்தக் கதையில் தனக்கு ஒரு வசனம்கூட இல்லை என்று தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.]

4

தூக்கிவிட்டாள்.

மேலே போன கம்பி அங்கேயே நின்றது. முட்டி இரண்டும் ஆடின, முதுகு பின்னால் வளைந்தது.

"போடு! போட்டுட்டுப் பின்னால வா!" என்று கத்திக்கொண்டே கோச் ஓடிவந்தார்.

"பிடிச்சுக்கோ கண்ணு, இன்னும் ரெண்டே செகண்டு!" என்றார் அண்ணன். கையில் போன், அதில் வீடியோ.

போடத் தெரிந்த பிள்ளை. போடவில்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பதக்கம், அண்ணன் தோளில் ஊர்வலம். இன்னொன்றில் முதுகெலும்பு, ஆஸ்பத்திரி, அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழு...

பேனாவை வைத்துவிட்டேன். என் வாதம் ஜெயிக்க ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையின் முதுகை நான் ஒடிப்பதா? அப்புறம் எனக்கும் அண்ணனுக்கும் என்ன வித்தியாசம்?

கோச் பின்னாலிருந்து கம்பியைப் பிடித்து இறக்கினார். மணிக்கட்டு வீங்கியது, ஒரு வாரம் கட்டு. அவ்வளவுதான் நடந்தது.

"இது விலை இல்ல சார், நடுவுல முடிக்க" என்றார் கோச் என்னிடம்.

"எங்க முப்பது தர்றாங்களோ அங்க போய்க்கிறோம்" என்றார் அண்ணன்.

5

இதுவரை எழுதியதைக் குண்டூசியிடம் வாசித்துக் காட்டினேன்.

"நான் அழுதேன்னு எழுதியிருக்கே. நான் அழலை. வெட்டு."

வெட்டினேன். நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

"இதெல்லாம் வேண்டாம்னு விட்டுடறியா?"

"எதுக்கு? எனக்குப் பிடிச்சிருக்கு சித்தப்பா. மேடம் சொல்ற மாதிரி தூக்குனா ஜம்முனு போகும்."

"அப்புறம் ஏன் அன்னிக்குப் போடலை?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "போட்டா அப்பா வீடியோ வீணாப் போயிரும்ல?"

6

ஆகவே என் முடிவு: பிள்ளைகள் தூக்கட்டும். கைவிடத் தோன்றும்போது கைவிடுகிற பிள்ளை தூக்கட்டும். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு வெறும் கம்பே அதிகம்.

இன்று காலை அண்ணன் அவளை வேறு கூடத்தில் சேர்க்கப்போகிறார். அங்கே முப்பது கேட்டால் முப்பது மாட்டுவார்களாம். குண்டூசி கீழே ஷூ கட்டிக்கொண்டிருக்கிறாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நான் மாடியில் இருக்கிறேன்.

"டேய், சாவியைப் பார்த்தியா?"

"என்கிட்டதான் இருக்கு. அவ பழைய இடத்துக்குத்தான் போவா அண்ணே. பத்து. இந்த வருஷம் போட்டி கிடையாது."

"பதினஞ்சு?"

"பத்து."

அண்ணன் படியேறி வருகிறார். அவருடைய அடுத்த வசனத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். திட்டலாம், தம்பியே இல்லை என்று தலைமுழுகலாம், படியிலேயே உட்கார்ந்து யோசிக்கலாம். உங்கள் இஷ்டம் போல எழுதிக்கொள்ளுங்கள். நான் சாவியைக் கொடுத்ததாக ஒரு வரி எழுதினால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.