படிக்காமல் கிழித்தது

கண்காட்சியைத் திறந்துவைத்த விமர்சகர் மைக்கை விடுவதாயில்லை. பெரிய படத்தின் முன்னால் நின்று, "இந்தக் கிழிசல்களில் ஒரு மகத்தான காத்திருப்பு உறைந்திருக்கிறது" என்றார். கூட்டம் புரிந்ததுபோல் தலையாட்டியது. மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

படத்தைச் செய்த ஓவியருக்கு அப்படி எதுவும் தெரியாது. வீட்டுக்குத் தபாலில் வரும் கடிதம், கட்டண ரசீது எல்லாவற்றையும் உறையோடு தொட்டியில் ஊறப்போடுவார். ஈரத்தோடு கிழித்து, நார் பிசிறும் ஓரங்களை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே வண்ணம் தேய்ப்பார். ஒரே ஒரு பிடிவாதம்: கிழிக்கும் காகிதத்தைப் படிக்கமாட்டார். படித்தால் கை தயங்குமாம். இந்தக் கொள்கையால் வீட்டில் இரண்டு முறை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதையும் பேட்டிகளில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபின் ஓவியரின் அண்ணி வந்தாள். அண்ணன் இறந்து ஒரு மாதம். அதற்கு முன் பதினோரு வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. சாவுக்குப் போன ஓவியர் மூன்றாம் மனிதர்போல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தார்.

"தம்பி, உங்க அண்ணன் போன வருஷம் உங்களுக்கு ஒரு கடிதாசி போட்டாரே. என்ன எழுதினாருன்னு எங்கிட்டகூட காட்டல. நாலு கடை ஏறி இறங்கித் தடிப் பேப்பரா வாங்கினாரு. 'நல்ல பேப்பர்னாதான் அந்தக் கிழிக்கிற பய கையில எடுப்பான்'னாரு."

ஓவியர் படத்தைப் பார்த்தார். நடுவில் பஞ்சுபோல் தடித்த வெளிர்மஞ்சள் தாள். அந்தப் பருமனில் மயங்கித்தான் முழுப் படத்தையும் அதைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"படிச்சீங்கல்ல?"

பொய் சொல்ல அவகாசம் இருந்தது. அண்ணன் கோபமெல்லாம் மறந்து எழுதியதாகச் சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

"இல்ல அண்ணி. அதுதான் இது."

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனாள். "ஒரு எழுத்துகூடக் காணோமே."

"ஊறினதுல மை கரைஞ்சுடுச்சு. மேல அந்த நீலம் இருக்கே... அது அந்தத் தண்ணிதான்."

அண்ணி அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"தபால்காரர் வர்ற நேரத்துக்கு தினமும் வாசல்ல போய் உக்காருவாரு. வெயில் காயுறாருன்னு நெனச்சேன்."

சொல்லிக்கொண்டே கிழிந்த ஓரத்தின்மேல் விரலை வைத்தாள். காபிக் கோப்பையோடு வந்த விமர்சகர், "அம்மா, படைப்புகளைத் தொடக்கூடாது" என்றார்.

"நீங்க போங்க சார்" என்றார் ஓவியர்.

பிறகு ஒரு நாற்காலியை எடுத்துவந்து அண்ணிக்குப் பின்னால் போட்டார். அவள் உட்காரவில்லை. விரலை எடுக்கவுமில்லை.