இருபதாவது தடவை

"இன்னும் எவ்வளவு நேரம்தான்யா? எடுத்துரலாம்," என்றார் பெரியப்பா.

சவ வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்து நின்றான் தம்பி. ரசாயன ஆலையில் அக்காவோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோர்மேனுக்கு ஃபோன் போட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. இருபதாவது தடவ ஓடிட்டிருக்கு. இப்ப விட்டுட்டு வந்தா பொடி காஞ்சுரும். காஞ்சா அப்புறம் வேலை செய்யாது. மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னது அதுதான்."

அந்தப் பொடியை அவனுக்குத் தெரியும். முன்பெல்லாம் ரசாயன வினையை முடுக்கிவிட அமிலம் ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவாக மதிலோரச் சாக்கடைக்குத்தான் போகும். அதற்குப் பதிலாக அக்கா ஒரு பழுப்புப் பொடியைக் கொண்டுவந்தாள். வடிகட்டி, கழுவி, ஈரத்தோடு திரும்பப் போடலாம். "ஒரே டீத்தூள்ல ஊருக்கே டீ போடுற கஞ்சம்" என்று அவன் கிண்டலடிப்பான். ஒரே பொடி இருபது தடவை தாங்கினால் அமிலத்தை நிறுத்துகிறேன், ஒன்று குறைந்தாலும் பழையபடிதான் என்று முதலாளி கறாராகச் சொல்லி, அதுவரை அமிலத்தை ஒதுக்கி வைத்திருந்தார். நேற்றுப் பத்தொன்பதாவதை முடித்துவிட்டு வீடு திரும்பியவளுக்கு நெஞ்சுவலி.

"அவங்க வரட்டும் பெரியப்பா."

"பொணத்த வச்சுக்கிட்டு ஆலைக்காரங்களுக்காகக் காத்துக் கெடக்கணுமா?"

"அவ இருந்தா காத்திருக்கத்தான் சொல்லுவா."

பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஏழு பேர் வந்தார்கள். ஃபோர்மேன் அக்காவின் காலடியில் நின்று, ஷிஃப்ட் முடிந்ததும் சொல்வதைப் போலவே சொன்னார்.

"இருபதும் முடிஞ்சுது மேடம். மொத தடவ கெடச்ச சரக்குல அரை கிலோகூடக் குறையல. அமிலத்த நிறுத்த முதலாளி கையெழுத்துப் போட்டுட்டார்."

தம்பிக்கு அழுகை முட்டியது. அதைவிடப் பெருமை முட்டியது. தூக்கும் நேரத்தில் பெரியப்பா தாமாகவே விலகி அந்த ஏழு பேருக்கும் இடம் விட்டார்.

வண்டி ஆலை மதிலை ஒட்டிப் போயிற்று. சாக்கடை வந்ததும் டிரைவர் பழக்கதோஷத்தில் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். அந்த வாடைக்கு அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான்.

"எறக்கியே வைங்க," என்றான் தம்பி.

டிரைவர் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டார்.