கள ஆய்வில் உறுதியான குளம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மனிதர் தூண்டிலோடு வந்து கதவைத் தட்டினார். தோளில் மடக்கு நாற்காலி, கையில் மூடி போட்ட வாளி, தலையில் அகலத் தொப்பி. கல்யாண வீட்டுக்கு வழி கேட்பவர் போல முகம் நிறையச் சிரிப்பு.

"குளத்துக்கு இப்படித்தானேங்க போகணும்?"

"எந்தக் குளம்?"

"உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிறது."

கதவைத் திறந்தவள் உறை தைப்பவள். கார், சோபா, துணி துவைக்கும் மெஷின் என்று எதைக் காட்டினாலும் அளவெடுத்து அதற்கொரு உறை தைத்துவிடுவாள். அதனால் தெருவுக்கே அவள் உறைக்கார அக்கா. வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாத சேதியை இன்னொருவர் சொல்வது இதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி காலி மனைதாங்க இருக்கு. முள்ளுச்செடி இருக்கும். யாரோ போட்டுட்டுப் போன பழைய ஸ்கூட்டர் ஒண்ணு இருக்கு."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்கானே!"

அவர் போனை எடுத்து நீட்டினார். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவர்களுடைய ஊரைப் பற்றிய பக்கம். வலது ஓரத்தில் ஊரின் வரைபடம். தெருக்கள் வெள்ளை, பூங்கா பச்சை. அவள் வீட்டுக்கு நேர் பின்னால் மொச்சைக்கொட்டை மாதிரி வளைந்து ஒரு நீலம். அதன் மேல் பொடி எழுத்தில் 'மொச்சைக் குளம்'.

அவள் கண் அங்கே நிற்கவில்லை. வழக்கம்போல அடியில் இருந்த வரிக்குத்தான் போனது. வரைந்தவர்: அளவுகோல்.

அளவுகோல் என்கிற புனைபெயரில் இருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நாள் முழுக்க மேலேயும் கீழேயுமாகப் போய் வருகிற மனிதருக்குச் சாயங்காலமானால் பக்கவாட்டில் போக வேண்டும் போல இருக்கும். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்துக்கு வரைபடம் போடுவார். சம்பளம் கிடையாது, சாப்பாட்டு நேரமும் கிடையாது. தவளையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற யாரோ ஒருவர், இந்தத் தவளை எங்கெல்லாம் வாழ்கிறது என்று படம் வேண்டும் என்பார். இவர் தவளை இருக்கிற இடத்துக்கெல்லாம் ஆரஞ்சு நிறம் அடித்துக் கொடுப்பார். தவளையை நேரில் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொள்வார். அது வேறு விஷயம்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். மாரடைப்பு. அதற்குப் பிறகு அவள் தினமும் தையல் மெஷினில் உட்காருவதற்கு முன் போனில் இந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரைத்தான் தினமும் பார்க்கிறோமே, அதைப் படத்தில் வேறு பார்க்க வேண்டுமா என்று விட்டிருந்தாள். உலகத்தில் அவர் பேர் இன்னும் மாறாமல் நிற்கிற இடம் அந்த ஒரு வரிதான் என்பது அவள் எண்ணம். மின்சார ரசீதில்கூட மாற்றிவிட்டார்கள்.

"நாரை வரும்னும் யாரோ எழுதியிருக்காங்க" என்றார் தூண்டில்காரர், விட மனமில்லாமல்.

"காக்கா வரும்."

"கெண்டை மீன்?"

"ஸ்கூட்டர்லயா?"

அவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். வந்தது வந்தாயிற்று என்று காலி மனை நடுவே நாற்காலியை விரித்து உட்கார்ந்து, ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டார். அங்கிருந்தபடியே அந்தப் பக்கத்துக் கருத்துப் பகுதியில் ஒரு புகாரும் எழுதிப் போட்டுவிட்டார்: 'குளத்துக்கு நேரில் சென்றேன். குளம் இல்லை. ஸ்கூட்டர் இருக்கிறது.'

அவ்வளவுதான், வரைபடக்காரர்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சாயங்காலம் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் பல் டாக்டர். கலைக்களஞ்சியத்தில் அவர் பெயர் ஆமை. கூட வந்தவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். அங்கே அவள் குண்டூசி. அளவுகோலோடு வருஷக்கணக்காக எழுத்தில் சண்டை போட்டவர்கள், நேரில் வருவது இதுதான் முதல் தடவை.

"துக்கம் விசாரிக்க எப்பவோ வந்திருக்கணும்மா" என்றார் ஆமை, கையைப் பிசைந்துகொண்டு. "ஏரிக்கும் கடலுக்கும் ஒரே நீலம் போடலாமான்னு எங்களுக்குள்ள ஒரு தகராறு. அவர் ஒரு மாசம் என்கூடப் பேசலை."

"அந்த ஒரு மாசமும் என்கூடவும் பேசலைங்க" என்றாள் உறைக்கார அக்கா. "நான் கடல் பக்கம் பேசினேன்."

மாடியில் குடியிருக்கும் நாத்தனார், தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவள், சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். எல்லோருக்கும் காபி வந்தது. ஜன்னல் வழியாகத் தூண்டில்காரருக்கும் ஒரு டம்ளர் போனது.

குண்டூசி மெதுவாகப் பேச்சை எடுத்தாள். "அக்கா, அந்தக் குளத்தை எடுத்தாகணும். இல்லாத குளம் படத்துல இருக்கக் கூடாது. அண்ணன் பேருக்குக் கீழே தப்பு நிக்கக் கூடாது, பாருங்க."

"எடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. திருத்தினவங்க பேர் மேல வரும். அண்ணன் பேர் பழைய பதிப்புன்னு அதுக்கு அடியில போயிடும்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப எடுக்க வேண்டாம்."

"அக்கா..."

"யாரு பேரு மேல வரும்? உங்க பேரா? டாக்டர் பேரா? அவர் பேருக்கு மேல ஒரு ஆமை ஏறி உட்காரும், அதை நான் தினம் காலையில பார்க்கணுமா?"

ஆமை தலையைக் குனிந்துகொண்டார். சாதாரணமாக அவர் எதிரில்தான் மற்றவர்கள் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள்.

நாத்தனார் யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஏன் அண்ணி, படத்துல எடுக்கிறதுக்குப் பதிலா, பின்னாடி ஒரு குளத்தைத் தோண்டிட்டா என்ன?"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தால், ஆமையும் குண்டூசியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"விதிப்படி பார்த்தா..." என்று இழுத்தார் ஆமை, "படம் தரையோட ஒத்துப்போகணும்னுதான் இருக்கு. எதை மாத்தணும்னு சொல்லலை."

"நான் வேணா கை கொடுக்கிறேன்!" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள் நாத்தனார். "மனை யாருதுன்னே தெரியாது. யோசனைதான் சொன்னேன்."

குண்டூசி போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குப் புரியாதது இதுதான். அண்ணன் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கிற ஆளு. என்னோட ஒரு பாலத்தையே மூணு தரம் திருப்பி அனுப்பினவரு. இதுக்கு மட்டும் எப்படி? இங்க பாருங்க, விவரத்துல எழுதியிருக்காரு. 'செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தது. குளம் கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டது.'"

"கள ஆய்வா?" என்றாள் நாத்தனார். "அண்ணன் களத்துக்கு எங்கே போச்சு? கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தா பாத்ரூமுக்குப் போறதே பெரிய விஷயம்."

அப்போதுதான் உறைக்கார அக்காவுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மழை நாள். அவர் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால். வெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசுகிறது என்று அந்த அறை ஜன்னலுக்கு எந்நேரமும் திரைச்சீலை இழுத்து மூடியிருக்கும். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏய், நம்ம வீட்டுக்குப் பின்னாடி தண்ணி நிக்குதா?" அவள் கொடியிலிருந்து துணி எடுத்துவிட்டு அப்போதுதான் நனைந்த காலோடு வந்திருந்தாள். "நிக்குது, நிக்குது, முழங்கால் அளவுக்கு நிக்குது" என்று சமையலறையிலிருந்தே கத்தினாள்.

"கள ஆய்வு நான்தான்" என்றாள் அவள்.

சொல்லி முடித்ததும் ஆமைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று அதை இருமலாக மாற்றப் பார்த்தார். அது இரண்டுமில்லாமல் ஒரு விசில் மாதிரி வெளியே வந்தது.

"மழைத்தண்ணி சரிங்க" என்றாள் குண்டூசி. "ஆனா செயற்கைக்கோள் படத்துலயும் நீலமா ஏதோ தெரிஞ்சிருக்கணுமே. அதைப் பார்த்துத்தானே அண்ணன் கேட்டிருப்பாரு? அவரோட கம்ப்யூட்டர்ல மூலப்படம் இருக்குமா?"

அந்த அறைக்கு நால்வரும் போனார்கள். அவர் போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் மேல் அவள் தைத்துப் போட்ட நீல உறை அப்படியே கிடந்தது. அவள் அதை எடுத்துத் தூசி தட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். குண்டூசி எதையோ தட்டி, மூலப்படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

வானத்திலிருந்து பார்த்த அவர்கள் வீடு. மாடியில் நாத்தனாரின் தண்ணீர்த் தொட்டி. பின்னால் காலி மனையில் பளிச்சென்று நீலமாக மொச்சைக்கொட்டை. அதன் ஒரு பக்கத்தில் கடித்து எடுத்தது போல அரைவட்டமாக ஒரு வெட்டு. அளவுகோல் அந்த வெட்டைக்கூட விடாமல், தண்ணீருக்குள் நீட்டிய சின்ன நிலமுனை மாதிரி அவ்வளவு பொறுமையாக வரைந்திருந்தார்.

அவள் திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கை ஒட்டினாள். பிறகு கையில் இருந்த உறையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அய்யோ" என்றாள். "இந்த வளைவு நான் வெட்டினதாச்சே!"

ஊருக்கு வெளியே ஒரு தங்கும் விடுதிக்கு நீச்சல்குள உறை தைத்துக் கொடுத்திருந்தாள். அந்த நீச்சல்குளம் மொச்சை வடிவம். ஒரு பக்கம் படிக்கட்டு இறங்குகிற இடத்துக்காக அரைவட்டமாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய துணியை விரிக்க வீட்டில் இடமேது? காலி மனையில் விரித்து, ஓரத்துக்குப் பசை தடவிக் காயப்போட்டிருந்தாள். வெட்டி எடுத்த அரைவட்டத் துண்டை வீணாக்குவானேன் என்று, கம்ப்யூட்டரில் தூசி விழுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்கு ஒரு உறையாகத் தைத்துக் கொடுத்தாள். அந்த வட்ட ஓரத்தை மடிக்காமல் முன்பக்கம் தொங்கவிட்டிருந்தாள்.

இப்போது குண்டூசி அந்த வெட்டை மட்டும் இன்னும் பெரிதாக்க, அவள் உறையை அதற்கு நேரே பிடித்தாள். ஓரத்தோடு ஓரம் பொருந்தியது.

"இத்தனை நாளும்," என்றாள் நாத்தனார், "குளத்துல ஒரு துண்டை அண்ணன் கம்ப்யூட்டருக்குப் போர்த்தி வெச்சுட்டு, மீதிக் குளத்தை அதுக்குள்ளேயே வரைஞ்சிருக்கு!"

முதலில் சிரித்தது உறைக்கார அக்காதான். நின்று சிரிக்க முடியாமல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அந்த உறையிலேயே துடைத்துக்கொண்டாள். தண்ணீர் ஒட்டாத துணி. முகமெல்லாம் ஈரமானதுதான் மிச்சம். நாத்தனார் தன் முந்தானையை நீட்டினாள்.

"நகருங்க" என்றாள், சிரிப்பு அடங்கியதும். "நான் காயப்போட்டதை நானே எடுக்கிறேன்."

"நீங்களா அக்கா?"

"நான்தான் வெட்டினேன். அவரு வரைஞ்சாரு. எடுக்கிறதும் நானா இருந்துட்டுப் போறேன். மேல வர்ற பேரு என்னுதா இருக்கட்டும்."

"அண்ணன் பேருக்கு மேல உங்க பேரா?" என்றாள் நாத்தனார். "அண்ணன் ஒத்துக்குமா?"

"வீட்டுல எப்பவும் அப்படித்தானே இருந்துச்சு."



கலைக்களஞ்சியத்தில் அவளுக்குப் பேர் வைப்பதில்தான் கொஞ்சம் தகராறு. ஊசி, நூல், கத்தரி எல்லாவற்றையும் யாரோ முன்பே எடுத்துவிட்டார்கள். கடைசியில் 'இஞ்சுடேப்' கிடைத்தது. அளவுகோலுக்குப் பக்கத்தில் இஞ்சுடேப் பொருத்தம்தான் என்றார் ஆமை. ஒன்று வளையாது, ஒன்று வளைந்து கொடுக்கும். எது எது என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட்டார்.

முதல் தடவை குளத்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக அவள் வேறெதையோ அழுத்திவிட, ஊர் முழுக்க நீலமானது.

"ஐயோ, என் பஸ் டிப்போ முழுகிடுச்சு!" என்று கத்தினாள் குண்டூசி.

"என்னோட கிளினிக்கும்" என்றார் ஆமை. "பரவாயில்லை, வாய் கொப்புளிக்க ஆகும்."

"மீன் வருமா?" என்றது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஜன்னல்.

அடுத்த தடவை குளம் மட்டும் போனது. என்ன திருத்தம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: 'குளத்தை எடுத்துவிட்டேன். அது தண்ணீர் இல்லை, நான் காயப்போட்ட உறை.'

ஆமை தொண்டையைச் செருமினார். "ஆதாரம்...?"

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் மூலப்படத்தைத் திரையில் வைத்து, உறையை அந்த வெட்டுக்கு நேரே பிடித்து, குண்டூசியைப் போட்டோ எடுக்கச் சொல்லி, அதையும் கூடவே ஏற்றினாள். உயிரோடு இருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்.

மறுநாள் காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன் பக்கத்தைத் திறந்தாள். திருத்தியவர்: இஞ்சுடேப். அதற்கு அடியில், வரைந்தவர்: அளவுகோல். இரண்டு வரியையும் பார்த்தாள். பிறகு முதல் தடவையாகப் படத்தையும் முழுசாகப் பார்த்தாள். தெருத்தெருவாக, நிதானமாக. அவருடைய லிஃப்ட் கம்பெனி இருக்கிற தெரு மட்டும் மற்றத் தெருக்களைவிட ஒரு நூல் அகலமாக இருந்தது. சிரித்துக்கொண்டாள், அதற்கு யாரும் ஆதாரம் கேட்காமல் இருக்க வேண்டும்.

கருத்துப் பகுதியில் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர் கவலையோடு கேட்டிருந்தார்: 'குளம் இல்லை என்றால் அங்கே வந்துகொண்டிருந்த நாரைகள் என்ன ஆயின?'

அவள் எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். எந்நாளும் மூடியே இருந்த திரைச்சீலையை ஒரே இழுப்பில் விலக்கினாள். வெளிச்சம் திரை மேலும் மேஜை மேலும் விழுந்தது. காலி மனையை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து பதில் எழுதினாள்:

'இன்று காலை நேரில் கள ஆய்வு செய்யப்பட்டது. நாரை இல்லை. ஸ்கூட்டர் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது. மடக்கு நாற்காலியை மறந்துவிட்டுப் போனவர் வந்து எடுத்துக்கொள்ளவும். மழை வருவது போல இருக்கிறது. அதற்குள் வராவிட்டால் ஒரு உறை போட்டு வைக்கிறேன்.'